உட்கார்ந்திருப்பவள்

"துணைக்கு யார் வர்றாங்க?" என்று கேட்டார் மாமா.

"அம்மா வர்றாங்க மாமா."

"அம்மாவுக்குத் துணை நீ, சரி. உங்க ரெண்டு பேருக்கும் துணைக்கு யாரு?"

எனக்கு 49 வயது. வங்கியில் வேலை பார்க்கிறேன். தினமும் அடுத்தவர் பணத்தை லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறேன். அம்மாவுக்கு 73. முப்பது வருடம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இட்லிக்கடை நடத்தியவர். அப்படிப்பட்ட இரண்டு பேரும் கம்போடியாவுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வர, காவலுக்கு ஓர் ஆண் வேண்டுமாம். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். "அங்கோர்வாட்டுல ஆயிரக்கணக்குல பொம்பளைங்க நிக்கிறாங்களாம் தம்பி, நாங்க அவங்களோட இருந்துக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அம்மாவைக் கிளம்ப வைத்தது அங்கோர் வாட் இல்லை. நாங்கள் காரைக்கால்காரர்கள். ஆனி பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா பார்க்காத வருடம் அம்மாவின் வாழ்க்கையில் இல்லை. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். கூட்டத்துக்குள் புகுந்து இரண்டு பழமாவது பிடித்துக்கொண்டுதான் அம்மா வீடு திரும்புவார். கம்போடியாவில் பாந்தே ஸ்ரெய் என்ற கோயிலில் காரைக்கால் அம்மையார் கல்லில் இருக்கிறார் என்று எங்கோ படித்து அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள், "பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டார்.

நான் வேண்டுமென்றேதான் சொன்னேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சு சரியாக இல்லை. ஊரில் இருந்து பேச முடியாததை வெளியூர் போனால் பேசலாம் என்று நினைத்தேன்.

என் ஆறாவது வயதில் அப்பா வீட்டைவிட்டுப் போனார். வெளியூரில் வேலை என்று போனவர், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அம்மாவுக்குக் கோர்ட்டும் தெரியாது, ஜீவனாம்சமும் தெரியாது. தெரிந்தது மாவு அரைப்பதுதான். இரண்டு வருடம் முன்பு அப்பா இறந்துபோன செய்தி வந்தது. பதினாறாம் நாள் சடங்குக்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். போகாதீர்கள் என்று மன்றாடினேன். கேட்கவில்லை. நாற்பது வருடமாகப் புருஷனைப் பார்க்காத ஒரு பெண்ணுக்கு அந்த ஊரில் பூ வைத்து, வளையல் அடுக்கி, பிறகு எல்லாவற்றையும் கழற்றினார்கள். தாலியையும் வாங்கினார்கள். உள்ளே போக மனமில்லாமல் நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அம்மாவிடம் வாயால் பேசினேனே தவிர மனதால் பேசவில்லை.

சியெம் ரீப் சின்ன ஊர்தான். நடுவில் ஒரு ஆறு, அதன் கரையோரம் பெரிய மரங்கள், பழைய சந்தையைச் சுற்றி விடுதிகளும் மசாஜ் கடைகளும். வந்து இறங்கிய மறுநாள் விடியற்காலையிலேயே அம்மா சந்தைக்குப் போக வேண்டும் என்றார். கோயிலுக்கு முன்னால் சந்தையா என்று கேட்டேன். "ஊரைப் பார்க்கணும்னா சந்தையைத்தான் பார்க்கணும்" என்றார்.

சந்தைக்குள்ளே போனதும் பிரஹோக் வாடை முகத்தில் அடித்தது. மீனை உப்பிட்டு, நொதிக்க வைத்து, அரைத்துச் செய்வது அது. எனக்குக் குமட்டியது. அம்மாவோ நம்ம ஊர் கருவாட்டுக் கடை என்று சந்தோஷமாக உள்ளே போய்விட்டார். மீன் வெட்டுபவர், கறி வெட்டுபவர், காய் விற்பவர், நகை விற்பவர் என்று கடைக்குக் கடை பெண்கள். உயர்ந்த மேடைகளில் சரக்கின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார்கள். பக்கத்திலேயே தூளியில் குழந்தை. மதியத்துக்கு அங்கேயே சாப்பாடு. டாலரிலும் ரியெலிலுமாக மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டு, நாலாயிரத்துச் சொச்சம் ரியெல் ஒரு டாலர் என்ற வாய்ப்பாட்டை விரலிலேயே வைத்திருக்கிறார்கள்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1296-ல் சீனத் தூதுக்குழுவோடு வந்து அங்கோரில் ஒரு வருடம் போலத் தங்கியிருந்த சௌ தாகுவான் என்பவர், இந்த நாட்டில் வியாபாரமெல்லாம் பெண்கள் கையில்தான் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். கடைக் கட்டடம் கிடையாது, தரையில் பாய் விரித்து உட்கார்ந்து விற்கிறார்கள், அந்த இடத்துக்கு அதிகாரிகளுக்கு வாடகை கட்டுகிறார்கள் என்கிறார். சீனாவிலிருந்து வரும் ஆண்கள் முதல் வேலையாக உள்ளூர்ப் பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வார்களாம், அவளுடைய வியாபாரத் திறமை தங்களுக்கு உதவும் என்று. இதை அம்மாவிடம் சொன்னேன்.

"எல்லா ஊர்லயும் அதான் கதை" என்றார், ஒரு மாங்காயை முகர்ந்து பார்த்துக்கொண்டே.

அங்கோர் சீட்டு விலையில்தான் எங்களுக்கு முதல் சண்டை வந்தது. மூன்று நாள் சீட்டு ஒருவருக்கு 62 டாலர். அம்மா அதை ரூபாயாக மாற்றச் சொல்லி, பிறகு இட்லியாக மாற்றினார். அந்த எண்ணிக்கையை இங்கே எழுதினால் எனக்கே வயிறு எரியும்.

அங்கோர் வாட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டத் தொடங்கியது, பிறகு பௌத்த வழிபாட்டுக்கு வந்தது. நான் அதன் சுவர்களில் நிற்கும் பெண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1,700-க்கும் மேல் இருக்கிறார்கள். நாம் அப்சரஸ் என்று சொல்லிவிடுகிறோம். ஆடாமல் நேராக நிற்பவர்களை அங்கே தேவதை என்கிறார்கள். ஒருத்தியின் கொண்டைபோல் இன்னொருத்திக்கு இல்லை. சிலர் தோழியின் தோளில் கை போட்டிருக்கிறார்கள். யாரைப் பார்த்துச் செதுக்கினார்களோ, அந்தப் பெண்களின் பெயர் எதுவும் தெரியாது.

கை எட்டும் உயரத்தில் இருக்கும் தேவதைகளின் மார்பு மட்டும் கறுத்துப் பளபளக்கிறது. மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறக் கல். வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு வந்த மெருகு அது. நம் ஊர்க் கோயில் தூண்களிலும் இதே மெருகைப் பார்த்திருக்கிறேன். சிறுமியாகப் பார்த்தபோது எண்ணெய் என்று நினைத்தேன். கூட்டமான பேருந்தில் போய்வரத் தொடங்கிய வயதில்தான் அது எண்ணெய் இல்லை என்று புரிந்தது.

நாங்கள் நின்றிருந்தபோதே ஒருவர் வந்து, ஒரு தேவதையின் மார்பில் உள்ளங்கையை வைத்து, போட்டோவுக்குச் சிரித்தார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. அவர் மனைவிதான் படம் எடுத்தார். எப்போதும்போல எனக்கு உடம்பெல்லாம் கொதித்து, எப்போதும்போல வாய் வரவில்லை. "ஏய், கையை எட்றா!" என்று தமிழில் ஒரு சத்தம். இட்லிக்கடை வாசலில் வம்பு செய்த குடிகாரர்களுக்கென்று அம்மா வைத்திருந்த குரல். அது மொழிபெயர்ப்பு தேவைப்படாத குரல். அந்த ஆள் கையை எடுத்துப் பையில் விட்டுக்கொண்டார். அம்மா போய்த் தன் முந்தானையால் அந்தக் கல்லைத் துடைத்தார். கல்லை நாமும் தொடக் கூடாதும்மா என்றேன். "தெரியும். இது ஒருதரம்" என்றார்.

பிற்பகலில் பாயோன் கோயில். அந்த முகங்களைவிட வெளிப்பிராகாரத்துச் சுவர் எனக்குப் பிடித்தது. போர் ஒரு பக்கம் நடக்க, கீழ்வரிசையில் சந்தை, சமையல், சேவல் சண்டை என்று ஊர்வாழ்க்கை. அங்கே விற்றுக்கொண்டிருக்கும் பெண்கள் காலையில் பார்த்த அதே பெண்கள். தா புரோமுக்கும் போனோம். மரவேர் கோயிலை விழுங்கும் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1186-ல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயை நினைத்துக் கட்டியது. அங்கே வேலை செய்த ஆட்களைக் கணக்கெடுத்து எழுதிய கல்வெட்டில் ஆடல் பெண்கள் 615 பேர் என்று வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டிர் நானூறு பேர். அவர்களின் பெயரும் வீட்டு இலக்கமும் வருடத்துக்கு நூறு கலம் நெல் என்ற சம்பளமும் கல்வெட்டில் இருக்கின்றன. பெயர் இருந்ததால் அவர்கள் வாழ்க்கை மேலாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் 615 என்ற எண்ணைப் படித்துவிட்டு அந்த இடிபாட்டில் நடப்பது கஷ்டமாக இருந்தது.

அதே ஜெயவர்மனின் அரண்மனை வளாகத்தில் பீமியானாகாஸ் என்றொரு கோயில். அங்கே கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டை எழுதியவர் ஒரு பெண், ராணி இந்திராதேவி. தங்கை ஜெயராஜதேவியைப் பற்றி எழுதியது. ஜெயவர்மனின் முதல் மனைவி தங்கைதான். அவர் இறந்த பிறகு அக்காவை மணந்துகொண்டார். இந்திராதேவி பௌத்த மடங்களில் பெண்களுக்குப் பாடம் சொன்னவர். படித்த பெண் ஒருத்தி, செத்துப்போன தங்கையைப் பற்றித் தானே எழுதியிருக்கிறாள் என்று ஆசையாகத்தான் நான் அதைத் தேடிப் படித்தேன். கணவன் சம்பா நாட்டுக்குப் போயிருந்த காலமெல்லாம் தங்கை விரதம் இருந்து உடம்பை வருத்திக்கொண்டதைத்தான் அக்காவும் புகழ்கிறார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. இரவு விடுதியில் அம்மா காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தைலத்தை மூடி வைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.

மறுநாள் காலை டுக்டுக்கில் பாந்தே ஸ்ரெய் கிளம்பினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வழியில் ப்ரே டாக் என்றொரு கிராமம். ரோட்டோரம் முழுக்க அடுப்பும் இரும்புச் சட்டியுமாகப் பெண்கள் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அம்மா டுக்டுக்காரர் முதுகில் தட்டி நிறுத்தச் சொன்னார்.

நம் பனைதான் அங்கும். கம்போடியாவின் தேசிய மரமே அதுதான். ஆண்கள் ஏறி இறக்குவார்கள், பெண்கள் புகையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கிண்டுவார்கள். இதுவும் நம் ஊர்ப்படியே. பதம் வந்ததும் சின்ன வட்டங்களாக ஊற்றி, பனை ஓலையில் சுற்றி விற்கிறார்கள். கருப்பட்டியைவிட நிறம் வெளுப்பு, ருசியும் மென்மை. கிண்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அம்மா வயதிருக்கும். அம்மா சைகையில் கேட்டுத் துடுப்பை வாங்கி இரண்டு சுற்றுக் கிண்டினார். அந்தப் பெண் தன் முழங்கையைக் காட்டி வலி என்று நடித்தார். அம்மா தன் முழங்காலைக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

அறுபது, எழுபது வயதில் ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்கு மனதில் ஓடியது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பட்டினியிலும் கொலையிலும் செத்தவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் மேல். அப்போது இவருக்கு என்ன வயது, யார் யார் போனார்கள்? கேட்க மொழியும் இல்லை, உரிமையும் இல்லை.

பக்கத்திலேயே நும் பான் சோக் கடை. அரிசி மாவைப் புளிக்க வைத்துப் பிழிந்த சேவை, மேலே மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் போட்ட மீன் குழம்பு. பச்சை இலைகளும் பூவும் பிய்த்துப் போட்டுக்கொள்ளலாம். காலைச் சாப்பாடு அங்கே அதுதான். "இடியாப்பத்தை எவளோ தண்ணியில விட்டுட்டா" என்றபடி அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும்."

"வெள்ளிக்கிழமை நீங்க விரதமாச்சே."

"அது எப்பவோ விட்டாச்சுடி. உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அப்பா போன நாளிலிருந்து ஏழு வருடம், அவர் திரும்பி வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடாமல் இருந்திருக்கிறார். பிறகு நான் பெரியவளானேன். தண்ணீர் ஊற்றிய அன்று, புருஷனோடு வாழாதவள் முன்னால் நிற்க வேண்டாம் என்று அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அத்தை ஆலம் சுற்றியது நினைவிருக்கிறது. அம்மா எங்கே நின்றார் என்பது நினைவில்லை.

"அன்னைக்கு ராத்திரி எல்லாரும் போனப்புறம் பக்கத்து வீட்டுல கொடுத்த மீன் குழம்பு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை. ஊத்திச் சாப்பிட்டேன். முள்ளைக்கூட விடலை. அந்தப் பொண்ணு, உன் ராணி, அவளுக்கு அந்த மாதிரி ஒரு ராத்திரி கிடைக்கலை போல."

"அப்படின்னா ஏம்மா அந்தச் சாவுக்குப் போனீங்க?" இரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்த கேள்வி சேவையோடு வெளியே வந்தது.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பார்க்கணும்னு தோணிச்சு. அந்தாளு போட்டோவுக்கு மாலை போட்டு வச்சிருந்தாங்க. இத்தனை வருஷமா எந்த முகத்தை நெனச்சு பயந்தோமோ அது இதானான்னு பார்த்தேன். ஒண்ணும் தோணலை. பக்கத்துல அவளும் உட்கார்ந்திருந்தா, அந்தப் பொண்ணு. ரெண்டு பேர் வளையலையும் ஒரே தட்டுலதான் போட்டாங்க. அவ கை நடுங்கிச்சு. பிடிச்சுக்கிட்டேன். நீ வெளியில கோவமா நின்னே. உள்ளே வந்திருந்தா பார்த்திருப்பே."

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தச் சடங்கு கேவலமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதற்குள் உட்கார்ந்திருந்தவளை மட்டும் நான் பார்க்கவே இல்லை.

பாந்தே ஸ்ரெய் மிகச் சிறிய கோயில். இளஞ்சிவப்புக் கல். மரத்தில் செய்தால்கூட இவ்வளவு நுணுக்கம் வராது. அரசன் கட்டியதில்லை. யக்ஞவராகர் என்ற அரசகுரு கட்டி, 967-ல் குடமுழுக்கு நடந்தது. பெண்களின் கோட்டை என்பது போலப் பொருள்படும் இன்றைய பெயர் பின்னால் வந்தது. இங்கிருந்த தேவதைகளை 1923-ல் பெயர்த்தெடுத்து விற்கப் பார்த்து மாட்டிக்கொண்டவர் ஆந்த்ரே மால்ரோ. பிற்காலத்தில் அவர் பிரான்சின் கலாசார அமைச்சரானார்.

கிழக்கு வாசல் கோபுரத்தின் நெற்றியில் பல கைகளோடு சிவன் ஆடுகிறார். காலடியில் ஒரு பக்கம் வாத்தியம் வாசிப்பவர். மறு பக்கம், எலும்பும் தோலுமாக, மார்பு வற்றித் தொங்க, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். கோயில் முழுக்கத் திரண்ட மார்போடு நிற்கும் தேவதைகளுக்கு நடுவில் இவள் ஒருத்தி. கை எட்டாத உயரம் வேறு.

அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் என் வாதத்தைத் தொடங்கினேன். மாங்கனிக் கதை எனக்கு எப்போதும் உறுத்தும். மனைவியின் சக்தியைக் கண்டு பயந்த பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயரும் வைத்து, தேடி வந்தவளின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். அவள்தான் உடம்பை உதற வேண்டியிருக்கிறது. தப்பு செய்தவன் முழுசாக இருக்கிறான். ஆனால் அந்தக் கதையைச் சொன்னவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். அம்மையார் பாட்டில் மாம்பழமும் இல்லை, புருஷனும் இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். வற்றிய மார்பும் புடைத்த நரம்புமாகச் சுடுகாட்டுப் பெண்பேயை அவரே பாடுகிறார். இந்தக் கல் செதுக்கியபோது பெரியபுராணம் எழுதப்படவே இல்லை. கடல் தாண்டி இங்கே வந்தவள் யாரோ ஒருவனின் பெண்டாட்டியாக வரவில்லை, பாடுகிறவளாகத்தான் வந்திருக்கிறாள். இப்படியெல்லாம் சொன்னேன்.

"நீ படிச்சதைச் சொல்றே. எனக்கு மாம்பழமும் வேணும்" என்றார் அம்மா. "அவன் கால்ல விழுந்தான் பாரு, அதுதான் எனக்கு எப்பவும் பிடிக்காது. கால்ல விழுந்துட்டா கணக்கு நேராயிடுமா? அதனாலதான் அவ அங்கே நிக்கலை. எந்திரிச்சுப் போயிட்டா."

பிறகு, "அறுபத்து மூணு பேருல உட்கார்ந்திருக்கிறது இவ ஒருத்திதான், தெரியுமில்ல? இங்கேயும் உட்கார்ந்துதான் இருக்கா" என்றார்.

தெரியும். கோயில் பிராகாரத்தில் நாயன்மார்கள் வரிசையாக நிற்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பதைச் சிறுவயதில் எனக்குக் காட்டியதே அம்மாதான். அந்த முப்பது வருடத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இட்லிப் பானை ஒரு கையிலும் தட்டு ஒரு கையிலுமாக நின்றபடிதான் எல்லாம் நடக்கும்.

எதிரில் மரநிழலில் உட்காரத் தோதாக ஒரு திண்டு இருந்தது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். கூட்டம் கூட்டமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். டுக்டுக்காரர் வெளியே காத்திருப்பார், வெயில் ஏறுவதற்குள் கிளம்பலாம் என்று இரண்டு முறை சொன்னேன்.

"அவர் இருப்பாரு. நீயும் உட்காரு" என்றார்.

பையிலிருந்து ஓலைச் சுருளைப் பிரித்து ஒரு வட்டு வெல்லத்தை இரண்டாக உடைத்தார்.